அணை தளும்புது, நாத்து கருகுது

தேக்கடியில் இன்றைக்கு எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று கம்பத்தில் எந்த டீக்கடையில் கேட்டாலும் பதில் கிடைக்கும். மலைக்கு அந்தப் பக்கம் தேங்கும் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப்பில் இறங்கி, முல்லையாறாக ஓடுகிறது. வழியில் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லை நனைத்துவிட்டுத்தான் வைகை அணைக்குப் போய்ச் சேரும். கீழே நல்ல மழை என்றால் மேலே திறப்பைக் குறைப்பார்கள்.

ஒரு விபரீதக் கற்பனை. யாரோ ஒருவர் லாரி லாரியாக வெளித்தண்ணீரைக் கொண்டுவந்து வைகை அணையில் கொட்டுகிறார் என்று வையுங்கள். அளவுகோல் 71 அடியைத் தொட்டுவிட்டது. தேக்கடியில் இருப்பவர் அந்த அளவுகோலை மட்டுமே பார்ப்பவர். “தண்ணிக்கு என்ன குறை?” என்று ஷட்டரை இறக்கிவிடுகிறார். வைகை தளும்புகிறது. நடுவில் இருக்கும் கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் நாற்று கருகுகிறது.

தசை திரள வேண்டும் என்று ஜிம்மில் ‘சைக்கிள்’ என்ற பெயரில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் பையனின் உடம்புக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். ஊசியில் இருப்பது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், அல்லது நான்ட்ரோலோன் போல அதன் சாயலில் செய்த மருந்து. (வீசிங்குக்கு டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு குடும்பம். இதைக் கேட்டுப் பயந்து அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.) ஆண் ஹார்மோனை ஏற்றினால் ஆண்மை கூடத்தானே வேண்டும்? கூடுவது தோளும் மார்பும். விரை சுருங்குகிறது, விந்தணு காணாமல் போகிறது.

நம் தேக்கடி இருப்பது மூளையின் அடியில். ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. முதலாவது, விரையிலுள்ள லெய்டிக் செல்களிடம் டெஸ்டோஸ்டிரோன் செய்யச் சொல்லும். இரண்டாவது, விந்தணுக்களை வளர்த்தெடுக்கும் செர்டோலி செல்களுக்குப் போகும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு ஏறியதும் மூளை உத்தரவைக் குறைத்துக்கொள்ளும். அந்த டெஸ்டோஸ்டிரோன் உள்ளூர்ச் சரக்கா, ஊசியில் வந்ததா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

அப்படியே இருக்கட்டும், ரத்தத்தில்தான் ஏராளமாக இருக்கிறதே, அதிலிருந்து விரை எடுத்துக்கொள்ளக் கூடாதா? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இது. விந்தணு விளைய வேண்டுமானால் விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு, சில அளவீடுகளின்படி நூறு மடங்கு வரை, தேங்கி நிற்க வேண்டும். அங்கேயே சுரப்பதால்தான் அந்தச் செறிவு கிடைக்கிறது. ஊசி ரத்தத்தை எவ்வளவு நிரப்பினாலும் அந்த மட்டத்தை எட்டாது. விரையின் பருமனில் பெரும்பகுதி விந்தணு விளையும் நுண்குழாய்கள்தான். அந்த வேலை நின்றால் அது சிறுப்பதில் ஆச்சரியமில்லை. போதாததற்கு, மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை உடம்பு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். சிலருக்கு மார்பகம் வளர்வது அதனால்தான்.

பலம் இருக்கும் இடம் எதுவென்று மாடு வளர்ப்பவர்களுக்கு எப்போதோ தெரியும். காயடித்த எருது ஏருக்குப் பணியும். வாடிவாசலில் சீறி வரும் காளைக்கு அந்தத் திமிலும் திமிரும் வேறு எங்கிருந்து வந்தன? ஆய்வுக்கூடத்துக்கு இந்தச் சேதி சேவல் கொண்டையில் ஏறி வந்தது. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பெர்த்தோல்ட் என்பவர் காயடித்த சேவலுக்கு விரையைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்துப் பார்த்தார். கொண்டையும் கூவலும் தங்கின. 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் காளை விரைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு புடெனான்ட், ருசிச்கா இருவரும் அதைச் செயற்கையாகச் செய்தார்கள். 1939-இன் வேதியியல் நோபல் அவர்களுக்குப் போனது.

ஜிம் பையன்கள் அறியாத ஒரு சங்கதி உண்டு. அவர்கள் போட்டுக்கொள்ளும் இதே ஹார்மோனை உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகச் சோதித்திருக்கிறது. 1990-இல் வெளியான முடிவு: ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் போட்டதில், ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் விந்தில் ஓர் அணுகூட இல்லை. ஜிம்மில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து ஏற்றும் அளவு இதைத் தாண்டிப் போவது சர்வசாதாரணம். கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தையில்லை என்று முதலில் மருமகளைத்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். மகனின் தோள் அகலத்தைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

ரத்தப் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டுவிடும். எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். தேக்கடி மூடிக் கிடக்கிறது என்று அதற்குப் பொருள்.

மூடிய ஷட்டர் திறக்குமா? கருத்தடைச் சோதனைகளில் கலந்துகொண்டவர்களைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் அளவாகப் போட்டுக்கொண்டவர்கள். வருடக்கணக்கில் கண்டபடி போட்டவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம், முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். நிறுத்திய முதல் மாதங்கள்தான் கொடுமை. வெளித்தண்ணீரும் இல்லை, உள்ளூர் ஊற்றும் இன்னும் திறக்கவில்லை. சோர்வு, எரிச்சல், ஆசையே அற்றுப்போதல், மனம் கவிழ்தல். அது தாங்காமல் மறுபடி ஊசிக்கே ஓடுகிறவர்கள் உண்டு.

மருத்துவர்கள் சிலருக்கு ஹெச்.சி.ஜி. என்ற ஊசியைக் கொடுப்பார்கள். எல்.எச்.சைப் போலவே வேலை செய்யும் மருந்து. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் விரையை நேரே எழுப்பும். கர்ப்பமான பெண்களின் சிறுநீரில் கண்டெடுத்த ஹார்மோன் அது, பல காலம் அதிலிருந்தே பிரித்தும் எடுத்தார்கள். பிறகு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு விந்தணு உருவாகவே 74 நாள் போல ஆகும். வெளியே வர மேலும் சில நாள். நாற்றுவிட்டு, நட்டு, அறுக்கிற கணக்குதான். அவசரம் என்று சொன்னால் நெல் கேட்குமா?