வானவருக்கு முகம் வரைதல்

உத்தமபாளையத்தில் எங்கள் தெரு மக்தபுக்கு மாலையில் ஓத வரும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஒரு நாள் பாடம் முடிந்ததும் கிதாபுக்கு நடுவே மடித்து வைத்திருந்த படத்தாளை எடுத்து நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை ‘தேவதை’ என்னும் தலைப்பில் படம் வரைந்து வரச் சொல்லியிருந்தாராம். தரை தொடும் வெள்ளை அங்கி, தோள்களில் இரண்டு சிறகுகள், தலைக்கு மேல் ஓர் ஒளிவட்டம். முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. “ஹஜ்ரத், மலக்குக்கு எத்தனை றெக்கை? கண்ணு மூக்கு வரையலாமா?” என்று கேட்டாள்.

‘கூடாது’ என்ற ஒரே சொல்லில் பதிலளித்து அனுப்பியிருக்கலாம். பெரும்பாலும் நாம் அப்படித்தான் செய்கிறோம். அன்று என்னவோ அது போதுமானதாகப் படவில்லை. படங்களே மாட்டப்படாத வீட்டில் வளரும் இந்தக் குழந்தைக்கு அங்கியும் ஒளிவட்டமும் எங்கிருந்து கிடைத்தன என்ற கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் கத்தோலிக்கர்களின் தேவாலயங்கள் உள்ளன. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் எல்லாக் கடைகளிலும் தொங்குகின்றன; தொலைக்காட்சிப் படக்கதைகள் எல்லா வீடுகளுக்கும் வருகின்றன. பழைய கத்தோலிக்கத் தமிழில் மலக்குக்குச் ‘சம்மனசு’ என்று பெயர். நம் வீடுகளில் ‘மலக்குமார்’. குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் ‘வானவர்’. பள்ளிக்கூடத் தமிழிலோ இவை எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டுத் ‘தேவதை’ வந்து நிற்கிறது. தேவதை என்றால் தமிழ்க் காதில் பெண்தான் விழுவாள். ஆக, பென்சிலைக் கையில் எடுக்கும் முன்பே அந்தச் சொல் பாதிப் படத்தை வரைந்துவிடுகிறது.

சிறகுள்ள மனித உருவம் கிறிஸ்தவக் கலையிலும் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. ரோமாபுரியில் பிரிஸ்கில்லா நிலவறைக் கல்லறையின் பழஞ்சுவரோவியத்தில், மர்யம் (அலை) அவர்களிடம் நற்செய்தி சொல்ல வந்தவர் என்று கருதப்படும் உருவத்துக்குச் சிறகே இல்லை. கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் சிறகுகள் முளைக்கின்றன. கிரேக்க, ரோமானியக் கலையில் வெற்றித் தேவதையாகிய நிக்கேயின் வடிவத்திலிருந்து அவை வந்தன என்பது கலை வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் வானவர்கள் இளைஞர்களாகவே வரையப்பட்டார்கள். இன்று வாழ்த்து அட்டைகளில் காணும் பெண்ணுருவம் பெருமளவில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

இனி நம்மிடம் உள்ள செய்தி என்ன என்பதைப் பார்ப்போம். இரண்டும் மூன்றும் நான்குமாகச் சிறகுகள் கொண்ட தூதர்களாக வானவர்களை ஆக்கியவன் இறைவன் என்றும், தான் நாடியதைப் படைப்பில் அவன் மிகுதிப்படுத்துகிறான் என்றும் அருள்மறை கூறுகிறது (35:1). ஜிப்ரீல் (அலை) அவர்களை அறுநூறு சிறகுகளுடன் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள் என்பது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி. வானவர்கள் ஒளியால் படைக்கப்பட்டவர்கள் என்பது ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக முஸ்லிமில் உள்ளது. அர்ஷைச் சுமப்பவர்களுள் ஒருவருடைய காதுமடலுக்கும் தோளுக்கும் இடையே எழுநூறு ஆண்டுப் பயணத் தொலைவு என்கிறது அபூதாவூதின் அறிவிப்பு ஒன்று. இவற்றை வரிசையாக வைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை புலப்படும். எண்ணிக்கை உண்டு, அளவு உண்டு, படைக்கப்பட்ட பொருள் உண்டு, முக வருணனை மட்டும் இல்லை. அறுநூறு சிறகுகளை எந்த ஓவியனால் எந்தத் தாளில் அடக்க முடியும்? வரையத் தூண்டுவது போலத் தொடங்கும் செய்தி, வரைய முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

முகம் சொல்லப்படும் இடங்களும் சில உள்ளன. அங்கே அது மனித முகம். மர்யம் (அலை) அவர்கள் முன் நிறைவான மனிதராகத் தோன்றினார் (19:17). திஹ்யா அல்கல்பீ (ரலி) என்ற தோழரின் தோற்றத்தில் ஜிப்ரீல் வந்ததுண்டு. தூய வெள்ளாடையும் கருங்கூந்தலுமாக, பயணத்தின் சுவடே இல்லாமல் அவையில் வந்து அமர்ந்தவரை யாரும் அடையாளம் காணவில்லை என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்தக் காட்சியை ஒருவர் வரைந்தால் தாளில் ஒரு மனிதர்தான் இருப்பார். வானவர் இருக்கமாட்டார்.

உருவப்படம் பற்றிய சட்ட விவாதத்துக்கு நாம் விரைந்து சென்றுவிடுகிறோம். ஆனால் வானவர் விஷயத்தில் குர்ஆன் எழுப்பும் வினா வேறு. அரபு இணைவைப்போர் வானவர்களைப் பெண்களாக்கினர். இறைவனின் புதல்வியர் என்றனர். அவர்களை நோக்கி, வானவர்கள் படைக்கப்பட்டபோது இவர்கள் அங்கே சாட்சியாக இருந்தார்களா என்று இறைவன் கேட்கிறான். அவர்களுடைய சாட்சியம் எழுதப்படும், விசாரிக்கப்படுவார்கள் என்றும் எச்சரிக்கிறான் (43:19). இது சாட்சியம் பற்றிய வினா. காணாத ஒன்றுக்கு முகம் கொடுப்பவர், கண்டதாகச் சாட்சி சொல்லும் இடத்தில் போய் நிற்கிறார்.

இங்கே அரபு இலக்கணம் பயிலும் மாணவர்கள் ஓர் ஐயம் எழுப்புவதுண்டு. ‘மலாயிகா’ என்ற பன்மைச் சொல்லுக்குக் குர்ஆனிலேயே பெண்பால் வினை வருகிறதே (3:42) என்பார்கள். உண்மைதான், ஸஜ்தா செய்ததைச் சொல்லும் இடத்தில் அதே சொல்லுக்கு ஆண்பால் வினையும் வருகிறது (15:30). உருமாறிய பன்மைக்கு இரண்டும் பொருந்தும் என்பது நஹ்வு விதி. சொல்லின் பால் வேறு, பொருளின் பால் வேறு. தமிழ் மாணவருக்கு இது சற்றுக் கடினம்; நம் மொழியில் உயர்திணைப் பெயரின் பால் பொருளையே பின்பற்றுகிறது. ‘தேவதை’ விளைவிக்கும் குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

காணாததை உவமையாக்கலாமா என்பதும் பழைய வினாவே. ஸக்கூம் மரத்தின் கனிக்குலையை ஷைத்தான்களின் தலைகளுக்கு ஒப்பிடுகிறது குர்ஆன் (37:65). ஷைத்தானின் தலையை எவரும் கண்டதில்லையே, தெரியாததைக் கொண்டு எப்படி விளக்குவது என்று அபூஉபைதா என்னும் மொழியறிஞரிடம் ஒருவர் கேட்டார். அரபுக் கவிஞர் இம்ருவுல் கைஸ் தம் அம்புகளைப் பூதத்தின் கோரைப்பற்களுக்கு ஒப்பிட்டதைச் சுட்டிக்காட்டி, அரபுகள் பேசும் முறையிலேயே இறைவன் பேசினான் என்று அவர் விடை சொன்னதாகவும், அதுவே ‘மஜாஸுல் குர்ஆன்’ என்ற நூலை எழுதத் தூண்டியதாகவும் கூறுவர். சொல்லால் அமைந்த உவமை கேட்பவர் மனத்தில் அச்சத்தை எழுப்பிவிட்டு விலகிக்கொள்ளும். கோடும் வண்ணமும் அப்படி விலகுவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, முஸ்லிம்கள் வானவர்களை வரைந்ததே இல்லை என்று எழுதிவிட்டால் வசதியாக இருக்கும். அது உண்மையாகாது. கஸ்வீனியின் ‘அஜாயிபுல் மக்லூகாத்’ நூலின் 1280-ஆம் ஆண்டுப் படியொன்று, ஆசிரியர் உயிருடன் இருந்தபோதே வாஸித் நகரில் படங்களுடன் எழுதப்பட்டது. இன்று மியூனிக்கில் இருக்கிறது. 1436 வாக்கில் ஹிராத்தில் உருவான மிஃராஜ் நாமா பாரிஸ் நூலகத்தில் உள்ளது. பாதி நெருப்பும் பாதி பனியுமான வானவரும், எழுபது தலைகள் கொண்ட வானவரும் அதில் காட்சி தருகிறார்கள். உதுமானிய சுல்தான் மூன்றாம் முராதுக்காக 1595-இல் முடிக்கப்பட்ட ‘ஸியரே நபி’ ஓவியங்களில் நபி (ஸல்) அவர்களின் திருமுகம் திரையிட்டு மறைக்கப்பட்டது. வானவர் முகங்கள் மறைக்கப்படவில்லை. 1580-இல் ஃபதேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபைப் பாதிரிமார் ஐரோப்பிய அச்சுப் படங்களைக் கொண்டுவந்தனர். அதன் பின் முகலாய ஓவியங்களில் சிறகு முளைத்த குழந்தைகள் மேகங்களில் பறக்கத் தொடங்கின. லாஹூர்க் கோட்டையின் காலா புர்ஜ் விதானத்திலும் சிறகுள்ள உருவங்கள் தீட்டப்பட்டன.

அரண்மனைகளின் வழக்கம் மார்க்க ஆதாரமாகிவிடாது. அதே வேளையில், நடந்ததை நடக்கவில்லை என்பதும் முறையன்று. என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஹிராத்தின் வானவருக்குத் துருக்கிய, மங்கோலியக் கண்கள். முகலாய வானவருக்கு ஐரோப்பியக் கன்னங்கள். ஓவியம் யாருக்குச் சாட்சி சொல்கிறது? வரைந்தவருடைய நாட்டுக்கும் அவர் பார்த்த படங்களுக்கும்தான்.

தமிழ் முஸ்லிம்கள் வானவர்களைச் சொல்லில் மட்டுமே அமைத்தனர். மிஃராஜைப் பாடிய ஆலிப்புலவர் முதல் சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் வரை, தமிழில் ஏற்கெனவே வழங்கிய அமரர், வானவர், விண்ணவர் போன்ற சொற்களை எடுத்தாண்டு ஜிப்ரீலைச் ‘சிபுறயீல்’ எனத் தமிழ் ஒலிக்கு இசைவித்தார்கள். ‘அமரர்’ என்றால் இறவாதவர். மலக்குகளுக்கும் மரணம் உண்டு என்பதன்றோ நம் அகீதா என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பு சரியே. ஆயினும் ‘தேவதை’ செய்ததை ‘அமரர்’ செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு உமறுப்புலவரின் ‘வானவர்’ சென்றிருந்தால் சிறுமியின் தாளில் வேறு படம் வந்திருக்கக்கூடும்.

இனி சட்டம். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது கூடாது என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவு. உருவம் உள்ள வீட்டில் வானவர்கள் நுழைவதில்லை என்ற நபிமொழியும் நாம் அறிந்ததே. அந்த உருவத்தின் தலையை நீக்கிவிட்டால் அது மரம் போல ஆகிவிடும் என்று வழி சொன்னவரும் ஜிப்ரீல்தான் என்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. கம்பம் பள்ளத்தாக்கின் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். நம் மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’வும் தலை நீக்கப்பட்டது உருவம் ஆகாது என்கிறது. முகம் வரையாமல் என்னிடம் வந்த சிறுமி, தன்னை அறியாமலே ஃபிக்ஹின் விளிம்பில் வந்து நின்றிருந்தாள்.

அவளுக்கு நான் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. அபூதாவூதில் வரும் வேறொரு நிகழ்ச்சியைச் சொன்னேன். நபி (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பிய சமயம். காற்றில் திரை விலகி, ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. நடுவே துணித் துண்டுகளால் ஆன இரண்டு சிறகுகளுடன் ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் வினவ, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) அவர்கள் திருப்பிக் கேட்க, கடைவாய்ப் பற்கள் தெரியும்படி அண்ணலார் சிரித்தார்கள். இது தடைக்கு முந்திய நிகழ்ச்சி என்று கூறும் அறிஞர்களும் உண்டு. கைபர் ஹிஜ்ரி 7, தபூக் ஹிஜ்ரி 9 என்பதால் அக்கூற்றை ஏற்பது எனக்குச் சிரமமாக இருக்கிறது. குழந்தைகளின் விளையாட்டுக்கு மார்க்கம் தனி இடம் கொடுத்துள்ளது என்றே பலர் இதிலிருந்து விளங்குகிறார்கள்.

நபியவர்கள் சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள். “மலக்கு ஆம்பளையுமில்லை, பொம்பளையுமில்லை. நாம யாரும் பார்க்கலை. றெக்கை இருக்குதுன்னு மட்டும் அல்லாஹ் சொல்லியிருக்கான்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுவாரம் புதிய தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். அங்கியும் ஒளிவட்டமும் காணோம். ஒன்றன் மேல் ஒன்றாகச் சிறகுகள், தாளின் ஓரம் வரை. எண்ணிப் பார்த்தேன், நாற்பதைச் சற்றுத் தாண்டியிருந்தது. “அறுநூறுக்கு எடம் பத்தல ஹஜ்ரத்” என்றாள். ஆசிரியை என்ன மதிப்பெண் போட்டார் என்று கேட்க மறந்துவிட்டேன்.