மக்காச்சோளக் கதிரில் பூசணமா? மணியின் தோலைக் கவனியுங்கள்

மார்கழி, தை மாதங்களில் அறுவடைக்கு நிற்கும் மக்காச்சோளத்தில் மழை விழுந்துவிட்டால் கதிரை உரித்துப் பார்க்கவே பயமாக இருக்கும். ஒரே நாளில் விதைத்து, ஒரே மழையில் நனைந்த இரண்டு வயல்களில்கூட ஒன்றில் கதிர் முழுக்கப் பூசணம் படரும். மற்றொன்றில் நுனியில் நாலைந்து மணிகள் மட்டும் கெட்டிருக்கும். இந்த வித்தியாசத்துக்கு முக்கியமான ஒரு காரணம் மணியின் அமைப்பு. விதை வாங்கும்போது கதிர் நீளத்தையும் மணி எண்ணிக்கையையும் விசாரிக்கும் நாம், இதை விசாரிப்பதில்லை.

கதிரில் நம்மை அதிகம் தொந்தரவு செய்பவை இரண்டு பூசணங்கள். மஞ்சள் கலந்த பச்சைத் தூள் தெரிந்தால் அது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். பூக்கும் பருவத்தில் வறட்சியும் வெப்பமும் இருந்தால் இது அதிகம் வரும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பஞ்சு போலவோ, மணியின் உச்சியில் இருந்து வெள்ளைக் கோடுகள் விரிவது போலவோ தெரிந்தால் பெரும்பாலும் ஃபியூசேரியம். அது ஃபியூமோனிசின் நஞ்சை உண்டாக்கும்.

1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட பழங்குடி மக்களில் 106 பேர் கல்லீரல் பாதித்து இறந்தார்கள். காரணம் அஃப்ளடாக்சின்தான். வெயிலில் காய வைத்தாலும் வேக வைத்தாலும் இந்த நஞ்சு போகாது.

மணியை மூடியிருக்கும் மேல்தோலும் அதன்மீது உள்ள மெழுகுப் பூச்சும்தான் முதல் தடுப்பு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உருவாக்கப்பட்ட அஃப்ளடாக்சின் எதிர்ப்புள்ள மக்காச்சோளத்தில் மெழுகு அதிகம் இருப்பதைக் கண்டார்கள். அந்த மெழுகை நீக்கிவிட்டுச் சோதித்தபோது எதிர்ப்பும் குறைந்தது. ஃபியூசேரியத்திலும் இப்படித்தான்: தடித்த தோல் உள்ள ரகங்களில் தாக்குதல் குறைவு. ஸ்வீட் கார்ன் மென்று சாப்பிட வசதியாகத் தோல் மெலிந்ததாகத் தேர்வு செய்யப்பட்டது. அதனால் அதற்கு இந்தப் பாதுகாப்பு குறைவு.

அடுத்தது மணியின் கெட்டித்தன்மை. ஒரு மணியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கண்ணாடி போலக் கெட்டியான மஞ்சள் பகுதி அதிகமாகவும், நடுவில் வெள்ளை மாவு குறைவாகவும் இருந்தால் அது கெட்டி மணி. உச்சியில் குழி விழுந்த மணியில் மாவுப்பகுதி அதிகம். கெட்டி மணியை வண்டு எளிதில் துளைக்க முடியாது, இயந்திரத்தில் உடைவதும் குறைவு. 1960-களில் லைசின் சத்து அதிகமுள்ள ஓபேக்-2 மக்காச்சோளம் வந்தபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் மணி மாவாக மென்மையாக இருந்ததால் கதிர் அழுகலும் வண்டும் சேர்ந்து தாக்கின. மெக்சிகோவில் உள்ள சிம்மிட் நிலையத்தில் எவாஞ்சலினா வில்லேகாஸும் நம் நாட்டைச் சேர்ந்த சுரீந்தர் வாசலும் சத்து குறையாமல் மணியைக் கெட்டியாக்கினார்கள். அதற்காக 2000-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள்.

மணிக்குள்ளும் தற்காப்பு உண்டு. எதிர்ப்புள்ள ரகங்களின் மணியில், பூசணத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் சில புரதங்கள் கூடுதலாக இருக்கின்றன. இதை நாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த ரகமும் முழு எதிர்ப்புள்ளது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓட்டை விழுந்தால் பயனில்லை. 2018-ல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழு கதிருக்குள் புகுந்து மணியைக் கடித்தால், அந்தக் காயமே பூசணத்துக்கு வாசல். எனவே ரகம் தேர்வு செய்யும்போது பக்கத்து வயலில் முற்றிய கதிரைப் போய்ப் பாருங்கள். உறை கதிரின் நுனியையும் தாண்டி இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். முற்றிய பிறகு கதிர் கீழ்நோக்கித் தொங்கினால் மழைநீர் உள்ளே தேங்காது.

மணியின் அடியில் கருப்பு அடுக்கு தெரிந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு மழைக்கு வாய்ப்பு இருந்தால் கதிரைச் செடியிலேயே நீண்ட நாள் விடாதீர்கள். பல இடங்களில் நல்ல ரகத்தையும் கெடுப்பது கதிரடிக்கும் இயந்திரம்தான். ஈரமாக அடித்தால் தோல் நசுங்கும். வேகம் கூடினால் உடைசல் கூடும். கதிரை முதலில் காய வைத்து, உடைசலைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மணியைத் தார்ப்பாயில் பரப்பி ஈரம் 12 சதவீதத்துக்கு வந்த பிறகு மூட்டை பிடியுங்கள். உடைசலைச் சலித்துத் தனியாக எடுத்துவிடுங்கள். அதிலிருந்துதான் பூசணம் மற்ற மணிகளுக்குப் பரவும்.

பூசணம் பிடித்த கதிர்களை அடிப்பதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். வீணாகிறதே என்று அவற்றைக் கறவை மாட்டுக்கோ கோழிக்கோ போடாதீர்கள். மாடு தின்ற அஃப்ளடாக்சினில் ஒரு பகுதி பாலில் இறங்கும்.