இலண்டன் பிளேன் மரம்

இலண்டன் பிளேன் மரம் என்பது மிதவெப்ப நாடுகளின் நகரச் சாலைகளிலும் பூங்காக்களிலும் பரவலாக வளர்க்கப்படும் ஓர் இலையுதிர் மரமாகும். இது பிளாட்டனேசியே குடும்பத்தில் பிளாட்டனசு பேரினத்தைச் சேர்ந்தது. இதன் அறிவியற் பெயர் பிளாட்டனசு × இசுப்பானிக்கா. பிளாட்டனசு × அசெரிஃபோலியா என்ற பெயரும் வழக்கில் உள்ளது. இது 30 மீட்டருக்கு மேலும் உயர்ந்து வளரக்கூடியது.

தோற்றம்

இது கீழைப் பிளேன், அமெரிக்கப் பிளேன் ஆகிய இரு இனங்களின் கலப்பினமாகும். முன்னையது தென்கிழக்கு ஐரோப்பா முதல் மேற்கு ஆசியா வரையிலும், பின்னையது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் இயற்கையாக வளர்வன. இவை ஐரோப்பியத் தோட்டங்களில் அருகருகே நடப்பட்டபோது, 17ஆம் நூற்றாண்டில் இக்கலப்பு நிகழ்ந்ததாகக் கருதப்படுகிறது. அது நிகழ்ந்த இடம் இசுப்பெயினா இங்கிலாந்தா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இலண்டனின் பெர்க்லி சதுக்கத்தில் 1789இல் நடப்பட்ட மரங்கள் புகழ்பெற்றவை. காசுமீரில் சினார் எனப்படுவது கீழைப் பிளேன் ஆகும்.

இனங்காணல்

இம்மரத்தின் பட்டை போதிய அளவு விரிந்து கொடுக்காததால், அடிமரம் பருக்கும்போது தகடு தகடாக உரிந்து விழுகிறது. இதனால் சாம்பல், பச்சை, வெளிர்மஞ்சள் நிறத் திட்டுகள் தோன்றுகின்றன.

கைவிரல்கள்போல் பிரிந்த இலைகள் மேப்பிள் இலைகளை ஒத்திருப்பதால் இவ்விரண்டும் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. மேப்பிளில் இலைகள் எதிரெதிராகவும், பிளேனில் மாறிமாறியும் அமைந்துள்ளன. மேலும், பிளேனின் இலைக்காம்பின் அடி உள்ளீடற்றது. அடுத்த ஆண்டிற்கான மொட்டு அதனுள் மறைந்திருக்கும். மேப்பிளின் காய்கள் சிறகுடையவை. பிளேனின் காய்கள் உருண்டையானவை.

பிளேன் இனங்களைப் பிரித்தறியக் காய்க்கொத்துகளும் இலைப் பிளவுகளும் உதவுகின்றன:

* அமெரிக்கப் பிளேன்: காம்புக்குப் பெரும்பாலும் ஒரு காய் உருண்டை; ஆழமற்ற பிளவுகள்.
* இலண்டன் பிளேன்: பொதுவாக இரண்டு, நடுத்தர ஆழம்.
* கீழைப் பிளேன்: மூன்று அல்லது அதற்கு மேல், ஆழமான பிளவுகள்.

கலப்பின மரங்கள் தம்முள் வேறுபடுவதால் ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வது சரியாகாது.

நகரங்களில் வளர்ப்பு

காற்று மாசு, இறுகிய மண், கடுமையான கிளைவெட்டு ஆகியவற்றைத் தாங்குவதே இம்மரம் நகரங்களில் பெருகியதற்குக் காரணம். நியூயார்க்கில் 2015இல் நடந்த கணக்கெடுப்பில் தெருவோர மரங்களுள் இதுவே மிகுதியாகக் காணப்பட்டது. குளிர்காலத்தில் வெட்டிய முதிர்ந்த குச்சிகளிலிருந்து இது எளிதாக வேர்விடும். நல்ல வெயிலும் விரிவான இடமும் தேவை. ஒடுங்கிய நடைபாதைகளில் இதன் வேர்கள் கற்களைப் பெயர்த்துவிடும். இளம் இலைகளிலும் காய்களிலும் உள்ள நுண்மயிர்கள் காற்றில் பரவிச் சிலருக்குக் கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சலை உண்டாக்குகின்றன.

நோய்கள்

குளிர்ந்த, ஈரமான இளவேனிலில் ஆந்திராக்னோசு என்னும் பூஞ்சை நோய் இளந்தளிர்களைக் கருகச் செய்கிறது. மரம் பெரும்பாலும் மீண்டும் தளிர்க்கிறது. செரட்டோசிசுட்டிசு பிளாட்டானி என்னும் பூஞ்சை மிகக் கொடியது. இது காயங்கள் வழியே நுழைந்து, நீர் செல்லும் குழாய்களை அடைத்து, சில ஆண்டுகளில் மரத்தைக் கொன்றுவிடும். இதற்கு மருந்து இல்லை. கிளைவெட்டும் கருவிகள் வழியாகவும் இது பரவுவதால், கிளைவெட்டைத் தாங்கும் இயல்பே இம்மரத்திற்குத் தீங்காகவும் முடிகிறது.

தென் பிரான்சின் மிடி கால்வாய் ஓரம் சுமார் 42,000 பிளேன் மரங்கள் நின்றன. அங்கு 2006இல் இந்நோய் கண்டறியப்பட்ட பின்னர், ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டி எரிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் வேறு பல இனங்களும் நடப்பட்டு வருகின்றன. ஒரே இன மரத்தை நெடுந்தொலைவுக்கு வரிசையாக நடுவதன் இடரை இந்நிகழ்வு காட்டுகிறது.