ஊசி மேலே இருக்கும்போதுதான் துணி நகர வேண்டும்

திருப்பூர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனி மிஷின்களை மாற்றினால், கழித்துக் கட்டியவை ஊர் ஊராகப் பிளவுஸ் தைக்கும் கடைகளுக்கும் வீட்டில் வைத்துத் தைப்பவர்களுக்கும் போய்ச் சேரும். ஒற்றை ஊசி பவர் மிஷின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அங்கே அதற்குப் பெயர் சிங்கர்தான். ஜூக்கி கம்பெனியின் டிடிஎல் வரிசை மிஷின்கள் இதில் நிறைய. நல்ல பொருள், வார்ப்பு இரும்பு உடம்பு, எண்ணெய் சரியாகப் போனால் வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் வாங்கி வந்தவரிடமிருந்து சில நாளிலேயே புகார் கிளம்பும். ஊசி பிளேட்டில் தட்டுகிறது, ஒடிகிறது, தையல் விட்டு விட்டு விழுகிறது, துணி இழுபடுகிறது. உடனே ஆளாளுக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நூலின் டென்ஷனைத் திருகுவார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை.

துணியை நகர்த்துவது, அதை அழுத்திப் பிடிக்கும் மிஷின் காலுக்கு அடியில் பிளேட்டின் வரிசைத் துளைகள் வழியே எட்டிப் பார்க்கும் பல். அது மேலே எழும், பின்னால் தள்ளும், கீழே இறங்கும், அடியிலேயே முன்னால் திரும்பி வரும். இந்த நான்கு அசைவு ஏற்பாட்டுக்கு 1854-ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் ஆலன் பெஞ்சமின் வில்சன். மரச்சாமான் செய்யும் தொழிலாளியாக இருந்தவர். அடிநூல் பாபினைச் சுற்றிச் சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் ஹூக்குக்கு 1851-லேயே காப்புரிமை வாங்கியவரும் அவர்தான். இன்றைக்கு நாம் உட்காரும் பவர் மிஷினின் அடிவயிறு அவர் யோசனையில் நிற்கிறது என்றால் மிகையில்லை.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஊசி துணிக்குள் இருக்கும்போது பல் துணியை இழுக்கக் கூடாது. இழுத்தால் துணியோடு ஊசியும் வளையும். வளைந்த ஊசி ஒன்று பிளேட்டில் மோதும், இல்லையென்றால் ஹூக்கில் மோதும். நிமிடத்துக்கு 5,000 தையல் ஓடும் மிஷினில் ஒரு தையலுக்குக் கிடைப்பது 12 மில்லி செகண்ட். அதற்குள் ஊசி இறங்கி ஏறுகிறது, ஹூக் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது, பல் தன் நான்கு அசைவையும் முடிக்கிறது. அந்த வேகத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் மோட்டாரை அணைத்துவிட்டுக் கையால் வீலை உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஊசி. வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் அதை மாற்றி மாட்ட வழியில்லை. பவர் மிஷினுக்கான டிபி×1 ஊசியின் தண்டு முழு உருண்டை. எப்படித் திருப்பி வைத்தாலும் உள்ளே போய்விடும். நீளமான பள்ளம் தைப்பவரின் இடப்பக்கம் பார்க்க வேண்டும். காதுக்கு மேலே குழிவாக இருக்கும் பக்கம் வலப்பக்கம், ஹூக்கை நோக்கி. கொஞ்சம் கோணலாக நின்றாலும் தையல் விடும். புது ஊசியைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்து, நேராக இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, முட்டும் வரை மேலே ஏற்றி மாட்டுங்கள்.

அடுத்து பிளேட்டைக் கழற்றுங்கள். பனியன் துணி தைத்த மிஷினாக இருந்தால் பல்லின் வரிசைகளுக்கு நடுவே பஞ்சுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாக அடைந்திருக்கும். அது பல்லை முழுதாக இறங்க விடாது. சுரண்டி எடுத்தாலே பாதி மிஷின் சரியாகிவிடும். பிளேட்டின் ஊசித் துளையை விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் பழைய ஊசிகள் குத்திய பிசிறு தட்டுப்படும்; மெல்லிய எமரித் தாளால் அதை மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். பிளேட்டும் பல்லும் ஜோடிப் பொருத்தம். மெல்லிய துணிக்கான சின்னத் துளைப் பிளேட்டைப் போட்டு 18-ஆம் நம்பர் ஊசியை ஓட்டினால், ஊசியும் பல்லும் ஒத்து அசையும் நேரம், அதாவது டைமிங், எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. கைமாறி வந்த மிஷின்களில் இந்த ஜோடி கலைந்திருப்பது சகஜம்.

பிளேட்டைத் திரும்ப மாட்டி, பல்லின் உயரத்தையும் பாருங்கள். ஜூக்கி டிடிஎல் 8700-ல் நடுத்தரத் துணிக்கு அது பிளேட்டுக்கு மேலே 0.75 முதல் 0.85 மில்லிமீட்டர் வரைதான் எழ வேண்டும். துணி நகரவில்லை என்று முந்தைய சொந்தக்காரர் பல்லைத் தூக்கி வைத்திருப்பார். அப்படித் தூக்கினால் அது மேலே நிற்கும் நேரமும் கூடும். துணியை விட வேண்டிய கட்டத்திலும் பிடித்துக்கொண்டிருக்கும். தையல் நீளத்தைக் கடைசி வரை வைத்து, முன்னோக்கியும் ரிவர்ஸிலும் உருட்டும்போது பல் துளையின் இரு ஓரங்களிலும் இடிக்கக் கூடாது.

இப்போது நூல் இல்லாமல் ஒரு காகிதத்தைத் தைத்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், செலவும் இல்லை. துளைகள் வட்டமாக விழுந்தால் நல்லது. நீண்டு கிழிந்தாற்போல் இருந்தால், ஊசி உள்ளே நிற்கும்போதே காகிதம் நகர்கிறது என்று பொருள்.

அப்போதுதான் டைமிங்கைத் தொட வேண்டும். மிஷினின் மேல் தண்டில் பல்லை அசைக்கும் ஃபீட் கேம் இருக்கிறது, இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். வீலை உங்கள் பக்கமாக மெல்ல உருட்டுங்கள். பல் பின்னால் தள்ளி முடித்து, இறங்கி, பிளேட் மட்டத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஊசிக் காதின் மேல் விளிம்பு, பல்லின் முனை, பிளேட்டின் மேற்பரப்பு மூன்றும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கண்ணைப் பிளேட் உயரத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் அந்த மட்டம் தெளிவாகத் தெரியும். கேமைச் சற்று முந்த வைத்தால் இரண்டு மடிப்புத் துணி ஏறுமாறாக நகர்வது குறையும். பிந்த வைத்தால் தையல் இறுகும். எதுவானாலும் மயிரிழை அளவுதான். அளவு மீறினால் ஊசி ஒடியும்.

ஹூக்கை நான் கடைசிக்கு வைப்பேன். ஊசி அடிமட்டத்தைத் தொட்டு இரண்டு மில்லிமீட்டர் போல மேலே எழும்போது அதன் குழிவுப் பக்கத்தில் நூல் புடைத்து வளையம் உண்டாகும். ஹூக்கின் மூக்கு அந்த நேரத்தில் ஊசியின் நடுவே வந்து நிற்க வேண்டும். ஊசியைத் தாங்கும் நீடில் பாரில் இதற்கென்றே கோடுகள் போட்டிருக்கிறார்கள். ஊசிக்கும் மூக்குக்கும் இடைவெளி 0.04 முதல் 0.1 மில்லிமீட்டர். உரசினால் மூக்கு மழுங்கும், தள்ளி நின்றால் வளையம் தப்பிவிடும்.

இவ்வளவு செய்தும் சரி செய்தது நிற்கவில்லை என்றால் பல்லைத் தாங்கும் ஃபீட் பார் தேய்ந்திருக்கும். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே மோட்டாரை நிறுத்தச் சொல்லி, பிளேட்டைக் கழற்றி, பல்லை இரண்டு விரலால் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் அந்தப் பாகத்தின் விலையையும் மெக்கானிக் கூலியையும் கேட்டுக் குறைத்துக்கொண்டு வாங்குங்கள்.