லிப்ட் பூட்டுமுன் தரையைப் பாருங்கள்



மாங்கேணிப் பக்கம் ஓடுகிற வாகனங்களுக்கு மணலும் கடல் உப்புக்காற்றும்தான் முதல் எதிரி. அடிப்பாகம் துருப்பிடிக்கும், பிரேக் குழாய் அரித்துப் போகும். அதனால் வாகனத்துக்குக் கீழே படுத்து வேலை செய்வது நமது வேர்க்ஷொப் பொடியன்மாருக்கு வழக்கமாகிவிட்டது. "ஐயா, ஒரு லிப்ட் எடுத்துத் தாங்களன்" என்று அவர்கள் கேட்பது நியாயமானதே.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் மணல் தரையில் ஜாக்கி வைத்து வேனைத் தூக்கினார்கள். பக்கத்தில் செங்கல் அடுக்கினார்கள். ஒரு பொடியன் கீழே படுத்தான். மணல் இறங்கியது, ஜாக்கி சாய்ந்தது, செங்கல் நொறுங்கியது. உயிர் தப்பியது, ஆனால் இன்றைக்கும் அவன் நொண்டித்தான் நடக்கிறான். அவனுடைய தாய் என்னிடம், "ஐயா, நீங்களும் அங்கதானே நிண்டீங்க?" என்று கேட்டா. நான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாகனம் தூக்கும் ஹைட்ரோலிக் லிப்டை 1925இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பீற்றர் லுனாட்டி என்பவர் உருவாக்கினார். ஒயிலைப் பம்ப் அழுத்த, அந்த அழுத்தம் பாரத்தைத் தூக்குகிறது. இப்போது கூடுதலாகப் பாவிப்பது இரண்டு தூண் லிப்ட். அந்த இரண்டு தூணையும் பிடித்து வைத்திருப்பது தரையில் இறக்கிய போல்ட்டுகள்தான். தரை பலமில்லாவிட்டால் எவ்வளவு விலையான லிப்டும் ஆபத்துத்தான்.

தரைக்குச் செய்ய வேண்டியவை:

1. லிப்டோடு வரும் புத்தகத்தில் கொங்கிறீட்டின் தடிப்பும் பலமும் எழுதியிருக்கும். சாதாரண இரண்டு தூண் லிப்டுக்கு 4 அங்குலத்துக்குக் குறையாமல் கேட்பார்கள். நமது மணல் நிலத்தில் அதைவிடக் கூட்டிப் போடுவது நல்லது. அடி நிலத்தைத் தண்ணீர் விட்டு நன்றாக இடித்து இறுக்குங்கள்.

2. சீமெந்து ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, சல்லி மூன்று பங்கு என்று கலக்கலாம். கடல் மணலும் உவர்த்தண்ணீரும் வேண்டாம். உப்பு உள்ளே இருக்கிற கம்பியைத் தின்றுவிடும்.

3. ஊற்றிய தரையை ஈரமாக வைத்திருந்து, 28 நாள் கழித்தே துளை போடுங்கள். "காஞ்சிட்டுதுதானே" என்று ஒரு வாரத்தில் போல்ட் அடிக்கக் கூடாது. வெடிப்புக்குக் கிட்டவும் தரை விளிம்புக்குக் கிட்டவும் துளை வேண்டாம்.

4. துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி எடுத்துவிட்டு போல்ட்டை இறக்குங்கள். தூண் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பிறகும் காலத்துக்குக் காலம் சோதியுங்கள்.

கரண்ட் வேலையை அனுமதி பெற்ற மின்வேலைக்காரரிடம் விடுங்கள். ஏர்த் கம்பி கட்டாயம்.

பாவிக்கும்போது, லிப்டில் எழுதியிருக்கிற பாரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. தூக்கும் கைகளை வாகனத்தில் அதற்கென்று உள்ள இடங்களில் மட்டும் வையுங்கள். டயர் நிலத்தைவிட்டுக் கிளம்பியதும் நிறுத்தி, ஆட்டிப் பாருங்கள். வேண்டிய உயரம் போனதும் பூட்டின்மேல் இறக்கி வையுங்கள். ஒயில் அழுத்தத்தை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். குழாய் வெடித்தாலும் பாரத்தைத் தாங்குவது அந்தப் பூட்டு. டிராக்டரை இந்த லிப்டில் ஏற்ற வேண்டாம். அதற்குப் பலமான தரையில் ஜாக்கியும் இரும்புத் தாங்கியும் வேண்டும். செங்கல் ஒருநாளும் வேண்டாம்.

சட்டமும் நமது பக்கம் உண்டு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைத்தலப் பாதுகாப்பைப் பற்றியது. தொழில் திணைக்களம் அதைக் கவனிக்கிறது. வேலையில் காயம்பட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈடு கேட்கலாம். ஆனால் நட்டஈடு காலைத் திருப்பித் தராது.

ஆகவே, தரை சரியில்லை, பூட்டு விழவில்லை என்று கண்டால் கீழே போகாதீர்கள். உடனே மேற்பார்வையாளரிடமோ என்னிடமோ சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவரும் வாய் திறக்க வேண்டும். ஒருமுறை நான் திறக்கவில்லை.