கொல்லிமலையின் குரல் கோட்டையில்

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியில் அடங்கும். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே: சேந்தமங்கலம், ஏற்காடு. மலையாளி பழங்குடியினர் நிறைந்த இம்மலைக்கு இது சிறிய உரிமையல்ல.

கோட்டையில் கூடும் சட்டப்பேரவையின் ஆயுள், முதல் கூட்டம் தொடங்கி ஐந்தாண்டு. இடையிலேயே கலைக்கப்படுவதும் உண்டு. 1976, 1991 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்தது. இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. ஆண்டின் முதல் கூட்டத்தொடர் ஆளுநர் உரையுடன் தொடங்கும். நிதிநிலை அறிக்கையும் மானியக் கோரிக்கைகளும் பின்னர் வரும். மலைச்சாலை, பள்ளி, மருத்துவமனை பற்றி உறுப்பினர் அமைச்சரிடம் கேட்க உகந்த நேரம் அதுவே.

மேலவை 1986இல் ஒழிக்கப்பட்டதால், மசோதாவைப் பேரவை மட்டும் நிறைவேற்றினால் போதும். ஆனால் சட்டமாக ஆளுநரின் ஒப்புதல் வேண்டும்; சிலவற்றை அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். எடுத்துக்காட்டாக, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரி 2021இல் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது. பிறகு அது குடியரசுத் தலைவரிடம் சென்றது, ஒப்புதல் கிடைக்கவில்லை.