எஞ்சிய கோப்புகளைக் களைதல்

கட்டடம் எழுந்து நின்றதும் சாரத்தைப் பிரித்துவிடுவர் கொத்தனார். மென்பொருள் ஆக்கத்திலும் இவ்வாறு பிரித்தெடுக்க வேண்டியவை உள.

யூனிக்ஸ் வகைக் கணிப்பொறியில் சி மொழியில் எழுதிய மூல நிரலைத் தொகுப்பி எந்திர மொழிக்கு மாற்றுகிறது. ஒவ்வொரு மூலக் கோப்பிற்கும் ‘.ஓ’ என முடியும் இடைநிலைக் கோப்பு ஒன்று பிறக்கிறது. அவை அனைத்தும் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட பின்னரே இயங்கும் நிரல் கிடைக்கிறது. பணி முடிந்த பின்னும் இடைநிலைக் கோப்புகள் வட்டில் தங்கிவிடுகின்றன.

அவை இடத்தை அடைப்பது சிறு குறையே. பழையது புதியதன் இடத்தில் அமர்ந்துகொள்வதே பெருங்கேடு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்னும் அறிஞர், தாம் முன்னரே திருத்திவிட்ட பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை இழந்தார். மூலம் திருந்தியிருந்தது; அதனை மீண்டும் தொகுக்காமையால் பழைய இடைநிலைக் கோப்பே பிணைப்பில் சேர்ந்திருந்தது. இதனைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் ‘மேக்’ என்னும் கருவியைப் படைத்தார். அப்படைப்பிற்காக 2003இல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருதும் பெற்றார்.

மேக் கருவி கோப்புகளின் நேரக் குறிப்புகளை ஒப்பிடும். இடைநிலைக் கோப்பைவிட மூலம் புதிதாயின் அதனை மட்டும் மீண்டும் தொகுக்கும். ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. தொகுப்பிக்குத் தரும் கட்டளையை மட்டும் மாற்றினால் மூலத்தின் நேரம் மாறுவதில்லை. பழைய கோப்பே போதுமென்று மேக் அமைதியாக இருந்துவிடும். அந்நிலையில் உதவுவதே ‘மேக் கிளீன்’ என்னும் ஆணை. மேக்ஃபைல் என்னும் குறிப்புக் கோப்பில் நிரலாளர் வகுத்துள்ளவாறு அஃது எஞ்சியவற்றை நீக்கும். அடுத்த ஆக்கம் முதலிலிருந்து தொடங்கும். பல மென்பொருள்களில் உள்ள ‘டிஸ்ட்கிளீன்’ என்னும் ஆணை, அவ்வக் கணிப்பொறிக்கென உருவான அமைவுக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று வேண்டும். ‘ஆர்எம்’ என்னும் நீக்கும் ஆணை, அழித்ததைக் குப்பைத் தொட்டியில் காத்து வைப்பதில்லை. ‘ஆர்எம் *.ஓ’ என்பது இடைநிலைக் கோப்புகளை மட்டும் நீக்கும். உடுக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்தாலோ, அந்த அடைவிலுள்ள மூலக் கோப்புகளும் உடன் அழியும்! ஆதலின் இவ்வாணையைக் கையால் தட்டுவதினும், நன்கு ஆராய்ந்து மேக்ஃபைலில் ஒருமுறை எழுதி வைத்தலே நன்று.

மீண்டும் ஆக்கக்கூடியதைத் தயங்காது களைக. ஆக்க இயலாத மூலத்தை, படியெடுத்துப் பிறிதோரிடத்திலும் வைத்துக் காக்க. கணிப்பொறி பயிலும் மாணவர் முதற்கண் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இதுவே.